மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு சுங்கவாசல்: ஷியோன் கோட்டைக்கு ஒருநாள்

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில், மொந்த்ரோ நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது ஷியோன் கோட்டை. அதற்குள் போவதற்கு அகழிக்கு மேலாகக் கூரை போட்ட ஒரு சிறிய மரப்பாலம் இருக்கிறது. பாலத்தைக் கடக்க முன்னர், கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளையும் நிறுத்துங்கள். எதிரே மலை நேர்குத்தாக எழும்புகிறது. அதன் அடிவாரத்தில் மிஞ்சிக் கிடக்கும் ஒடுங்கிய நிலத்துண்டில் ரயில் பாதையும் பெருந்தெருவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன. நிமிர்ந்து பார்த்தால் 1969இல் திறந்த நெடுஞ்சாலைப் பாலம் மலைச்சரிவிலே தூண்களில் நிற்கிறது. கீழே இடம் போதாததால்தான் அதை அந்தரத்தில் கட்ட வேண்டியதாயிற்று. தெருவுக்கு அந்தப் பக்கம், பாறைக்குள்ளே குடைந்த ஓர் இராணுவ அரண். இரண்டாம் உலகப்போர்க் காலத்தது, 2020இலிருந்து அருங்காட்சியகம்.

இந்தக் கோட்டை ஏன் இங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் உள்ளே கிடையாது. இத்தாலியிலிருந்து 2,469 மீட்டர் உயரமான பெரிய சென் பெர்னார்ட் கணவாயைத் தாண்டி வடக்கே போகிற வணிகன், புனித யாத்திரிகன், படைவீரன் எல்லோரும் இந்த ஒடுங்கிய பாதையால்தான் போகவேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஏரி. நடுவில் நிற்பவன் கையை நீட்டினால் போதும், சுங்கம் விழும். ஆல்ப்ஸ் மலைப்பகுதியை ஆண்ட சவோய் பிரபுக்கள் அதைத்தான் செய்தார்கள். எழுத்தில் கோட்டை முதன்முதல் தென்படும் 1150ஆம் ஆண்டிலேயே அது அவர்கள் கையில் இருந்தது. கதைப்புத்தகக் கோட்டை என்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். இது ஒரு சுங்கவாசல், களஞ்சியம், சிறை, மாளிகை எல்லாம் ஒன்றாக. இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் ஒவ்வொரு அறையும் தன் வேலையைத் தானே சொல்லும்.

சுவிஸில் வாழும் நம் குடும்பங்கள் ஊரிலிருந்து யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு போகிற இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் பெரும்பாலும் அவசரப் பயணம்தான்: காலையில் சொக்கலேட் தொழிற்சாலை, மதியம் க்ருயேர், பின்னேரம் கடைசி ஒரு மணித்தியாலம் ஷியோன். அது சரிவராது. மூடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். கடைசி நிமிடத்தில் புகுந்தாலும், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இருபத்தைந்து அளவான கட்டடங்களை ஓடி ஓடித்தான் பார்க்க வேண்டும். கோட்டைக்குள் மட்டும் இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். அந்த நாளில் வேறு எதையும் சேர்க்க வேண்டாம். டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய இரு நாட்களும் பூட்டு. மற்ற நாட்களில் திறந்திருக்கும், குளிர்காலத்தில் நேரம் குறைவு.

முதலில் பெயர். ஜெர்மன் பேசும் மாநிலங்களில் வளர்ந்த பிள்ளைகள் எழுத்தைப் பார்த்து ‘சில்லோன்’ என்பார்கள். பிரெஞ்சில் இந்தப் பெயரில் ‘ல’ ஒலியே வராது. ‘ஷியோன்’ என்று, கடைசி எழுத்தை மூக்கால் விட்டுச் சொல்லவேண்டும். பஸ் சாரதியிடம் கேட்கும்போது இது உதவும்.

டிக்கெட் விசயத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் தெரியாமையால். 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ரயிலில் காசில்லை. 6 முதல் 16 வயது நிறையும் வரை ஜூனியர் கார்டு, வருடத்துக்கு 30 பிராங். அதை வைத்துக்கொண்டு தாயோ தகப்பனோ கூட வந்தால் பிள்ளை எங்கும் இலவசம், ஏரிக் கப்பல் உட்பட. ‘தாயோ தகப்பனோ’ என்ற இடத்தில்தான் நம் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது அநேகமாக அம்மம்மாவோ சித்தியோ மாமாவோதான். அவர்களோடு போகும்போது ஜூனியர் கார்டு செல்லாது. அதற்கென்று வேறாக, கூடப் போகிறவரின் பெயரைப் பதிந்த துணைப்பயணக் கார்டு இருக்கிறது. அதுவும் 30 பிராங்தான். புறப்படுவதற்கு முந்தின நாளே எடுத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு, பாதிக்கட்டண அட்டை இருந்தால் ஊராட்சி விற்கும் ஒருநாள் சீட்டு நல்லது. பத்து நாளுக்கு முன்னர் எடுத்தால் 39 பிராங், அதற்குப் பிறகு 59. பாதிக்கட்டணம் இல்லாதவருக்கு 52, பிந்தினால் 88. இவை 2024இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் வகுப்பு விலைகள். ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை சீட்டு என்ற கணக்கு உண்டு, பயணம் செய்யும் அன்று வாங்க முடியாது, பெயர் போட்டுத் தருவார்கள். சூரிச், சென் காலன் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதில் தெளிவான இலாபம். பேர்னிலிருந்து என்றால் சாதாரண பாதிக்கட்டணச் சீட்டோடு பெரிய வித்தியாசம் வராது. ஆனால் கப்பலும் பஸ்ஸும் இதற்குள் அடங்கும் என்பதால் திரும்பும்போது கப்பல் ஏறுவதாக இருந்தால் இதையே எடுங்கள்.

பேர்னிலிருந்து லௌசான் போகும் ரயிலில் இடதுபக்க ஜன்னலில் இருங்கள். ப்ரிபூர் தாண்டி நெடுநேரம் புல்வெளியும் மாட்டுப்பட்டியுமாகவே வரும். பிறகு ஒரு சுரங்கம். அதைவிட்டு வெளியே வந்த அந்தக் கணத்தில் கீழே முழு ஏரியும் திறந்து கிடக்கும். 580 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு, எதிர்க்கரையில் பிரான்சின் மலைகள், ரயிலுக்குக் கீழே ஏரிவரைக்கும் படிப்படியாக இறங்கும் லாவோ திராட்சைத் தோட்டங்கள். 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. லௌசானில் மாறி மொந்த்ரோ போகும்போது ஏரி வலதுபக்கம்.

மொந்த்ரோவிலிருந்து கோட்டைக்கு நான்கு வழி. ரயிலில் போவதென்றால் வெத்தோ-ஷியோன் என்ற சிறிய தரிப்பிடத்தில் இறங்கவேண்டும். அங்கே உள்ளூர் ரயில் மட்டுமே நிற்கும். முதலில் வந்த விரைவு வண்டியில் ஏறினால் கோட்டை ஜன்னலருகே வந்து, அப்படியே பின்னால் போய்விடும். எய்கில் வரை போய்த் திரும்பி வரவேண்டியதுதான். பலகையில் தரிப்பிடங்களின் பெயர்களைப் பார்த்த பிறகே ஏறுங்கள். பஸ் இதைவிடச் சுலபம்: 201ஆம் இலக்கம், வில்நெவ் பக்கம் போவது. ஆனால் அது ரயில் நிலைய வாசலில் நிற்காது. படிகளால் கீழே இறங்கி ஏரிப் பக்கத்துப் பெருந்தெருவுக்குப் போகவேண்டும்.

மூன்றாவது வழி நடை. கால்வலி இல்லாத எவருக்கும் இதைத்தான் சொல்வேன். ஏரிக்கரையை ஒட்டிய சமதரைப் பாதை, ஏறக்குறைய நாலு கிலோமீட்டர், சிறு பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம். இருபுறமும் பூம்பாத்தி, வாகனம் இல்லை. க்வீன் இசைக்குழுப் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் சிலையோடு படம் எடுக்க விரும்புகிறவர்கள் ஏரிக்கரைச் சந்தைச் சதுக்கத்தில் நின்று போகலாம். நடையின் பயன் கடைசிப் பகுதியில்தான் தெரியும். கரை வளைந்து திரும்பும் ஓரிடத்தில் கோட்டை முழுதாகத் தண்ணீரில் நிற்பதுபோல வெளிப்படும், பின்னால் ‘தான் து மிடி’ என்ற மலையின் பற்போன்ற சிகரங்கள். பஸ்ஸில் வந்தவருக்கு இந்தக் காட்சி கிடைக்காது. அவர் தெருவிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டே கோட்டைக்கு இறங்குவார். நாலாவது வழி கப்பல். அதைத் திரும்புவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் வருவதும் ஆகும்தான், ஆனால் தெருவோரத்தில் நிறுத்தக் கொஞ்ச இடமே உண்டு. கோடை ஞாயிறுகளில் மத்தியானத்துக்கு முன்னரே நிரம்பிவிடும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. கோட்டை ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது, மலை அதற்கும் கிழக்கே. ஆகவே காலையில் கோட்டை மலையின் நிழலில் கிடக்கும். வெயில் ஏரிப் பக்கச் சுவரில் படுவது மத்தியானத்துக்குப் பிறகு. காலை பத்துக்கு மொந்த்ரோவில் இறங்கி, நடந்து, பன்னிரண்டுக்குக் கோட்டைக்கு வெளியே புல்தரையில் சாப்பிட்டு, ஒரு மணிக்கு உள்ளே போனால் எல்லாம் பொருந்திவரும். சுற்றுலா பஸ்களின் கூட்டமும் அந்நேரம் கொஞ்சம் குறையத் தொடங்கும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம், அதை விடத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ரயில் நிலையக் கடைகளைத் தவிர மற்றவை பூட்டுத்தான். ஆனால் கோடையில் தேங்காய்ப்பூச் சம்பலும் தேங்காய்ப்பால் விட்ட கறியும் வேண்டாம். காலை ஏழு மணிக்குப் பெட்டியில் அடைத்தது பன்னிரண்டுக்குள் புளித்துவிடும். புளிச்சாதம், றோல்ஸ், வெங்காயம் போடாத ரொட்டி தாங்கும். அன்னங்கள் கரைக்கு ஏறி வரும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நிலத்தில் வைக்காதீர்கள். குழந்தைத் தள்ளுவண்டியை நம்பி வர வேண்டாம். முதலாம் முற்றம் வரை உருளும், அதற்குப் பிறகு கல்படியும் ஒடுங்கிய மரப்படியும்தான். இடுப்பில் கட்டிக்கொள்ளும் பை கொண்டுவாருங்கள். வெளியே முப்பது பாகை வெயில் அடித்தாலும் நிலவறை குளிரும், ஆளுக்கொரு மெல்லிய மேற்சட்டை தேவை. நிலவறைத் தரையில் பாறை மேடுபள்ளமாகக் கிடக்கிறது. சேலையும் செருப்புமாக வருகிற அம்மம்மாவுக்குச் சப்பாத்துப் போட்டுவிடுங்கள்.

நுழைவுக் கட்டணம் பெரியவருக்குச் சுமார் 15 பிராங், பிள்ளைகளுக்கு அதில் பாதியளவு. குடும்பச் சீட்டும் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். சுவிஸ் அருங்காட்சியக அட்டை வைத்திருப்பவர்களுக்கு இலவசம். மொந்த்ரோவில் விடுதியில் தங்குகிறவர்களுக்கு விடுதி கொடுக்கும் அட்டையைக் காட்டினால் கழிவு.

உள்ளே எண்கள் போட்டு வழி காட்டியிருக்கிறார்கள். அந்த வழி முதலில் நிலவறைக்குத்தான் இறங்குகிறது. ஏறக்குறைய கோவில் மண்டபம்போல, வரிசையாகத் தூண்களும் வளைந்து ஏறும் கல்விதானமும். 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பியேர் என்ற சவோய்ப் பிரபு கோட்டையைப் பெருப்பித்தபோது எழுந்த வேலை. சுவரைக் கவனியுங்கள். தெருப் பக்கத்தில் அது கட்டிய சுவரே இல்லை, தீவின் பாறைதான். ஏரிப் பக்கத்தில் மட்டும் ஒடுங்கிய சன்னல்கள். அவை மேற்கைப் பார்ப்பதால் பின்னேர வெயில் தண்ணீரில் பட்டு, அலையின் அசைவு அப்படியே விதானத்தில் ஏறி ஆடும். அதைக் காண ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கவேண்டும்.

இங்கேதான் பிரான்சுவா பொனிவார் அடைபட்டிருந்தார். ஜெனீவாவில் ஒரு மடத்தின் தலைவர், சவோய்க்கு எதிராக நகரத்தின் பக்கம் நின்றவர். 1530இல் பிடிபட்டார். ஆறு வருடச் சிறை, அதில் நாலு வருடம் இந்த நிலவறைத் தூணொன்றில் சங்கிலி. 1536 மார்ச்சில் பேர்ன் படை கோட்டையைப் பிடித்தபோது வெளியே வந்தார், 1570 வரை வாழ்ந்தார். 1816 ஜூனில் ஆங்கிலக் கவிஞர் பைரன், இன்னொரு கவிஞரான ஷெல்லியோடு படகில் வந்து இந்த இடத்தைப் பார்த்துவிட்டு எழுதிய ‘ஷியோன் கைதி’ என்ற நெடுங்கவிதைதான் கோட்டையை உலகறியச் செய்தது. கவிதையில் கைதியின் இரண்டு தம்பிமார் கண்முன்னே இறந்துபோகிறார்கள். உண்மைப் பொனிவாருக்கு அது நடக்கவில்லை. மூன்றாவது தூணில் பைரன் கீறியதாகச் சொல்லப்படும் பெயர், கண்ணாடி போட்டுக் காத்துவைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைக் காட்டுமுன் பொனிவார் கட்டுண்ட ஐந்தாம் தூணைக் காட்டுங்கள், முறை அதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1348இல் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் நஞ்சு போட்டார்கள் என்ற பொய்ப் பழியில் இந்தப் பகுதி யூதர்களை ஷியோனில் அடைத்து வதைத்து வாக்குமூலம் எடுத்தார்கள். அந்த வாக்குமூலங்கள் மற்ற நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. 1349 பெப்ரவரியில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் யூதர்கள் எரிக்கப்பட்டார்கள். விவரமறிந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் சிறை, விசாரணை, சித்திரவதை என்ற சொற்கள் நம் வீடுகளில் சில பெரியவர்களுக்குப் பழைய வரலாறு அல்ல. அப்படி யாராவது கூட வந்திருந்தால் நிலவறையில் அவர்களை நிறுத்திவைத்து விளக்கம் படிக்க வேண்டாம். ஒருவர் அவர்களோடு முற்றத்துக்கு ஏறிப்போய்விடலாம், மற்றவர்கள் பின்னால் வரலாம். இதை முதலே பேசி வைத்துக்கொண்டால் அங்கே சங்கடம் இருக்காது.

மேலே ஏறினால் கோட்டையின் மறுமுகம். தெருப் பக்கம் முழுக்கக் காவற்கோபுரமும் அம்புத்துளையும். ஏரிப் பக்கம் மண்டபங்கள், அகன்ற அலங்காரச் சன்னல்கள், சன்னலோரக் கல்லிருக்கைகள். காரணம் எளிது: எதிரி தெருவால் வருவான், தண்ணீரால் வருவது கடினம். ஆகவே வாழ்வது தண்ணீர்ப் பக்கம், காப்பது தெருப் பக்கம். ஒரே அறையிலிருந்து இரண்டு பக்கமும் நடந்து பார்க்கச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கே இது பிடிபட்டுவிடும்.

யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இங்கே நல்ல ஒப்பீடு ஒன்று உண்டு. அதுவும் நீர்க்கரைக் கோட்டைதான். ஆனால் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதைப் பிடித்த ஒல்லாந்தர் பீரங்கிக் காலத்தவர்கள். ஐந்து மூலைகளோடு, தாழ்வாக, மண் நிரப்பிய தடித்த மதிலாகத் திருப்பிக் கட்டினார்கள். குண்டு பட்டால் மண் வாங்கிக்கொள்ளும். ஷியோனின் மதில் உயரம். அது ஏணி வைத்து ஏறுகிறவனுக்கும் அம்புக்கும் எதிராகக் கட்டியது. பீரங்கி வந்த பிறகு உயரமான சுவர் பெரிய இலக்காகிவிடுகிறது. 1536இல் அது நெடுநாள் தாக்குப்பிடிக்காததில் வியப்பில்லை. பிறகு வந்த பேர்ன் ஆட்சி அம்புத்துளைகளைத் துப்பாக்கிக்கு ஏற்றபடி மாற்றியது.

பிரபுவின் படுக்கையறையில் அவசரப்படாதீர்கள். சுவரெங்கும் 14ஆம் நூற்றாண்டு ஓவியம்; உண்மை விலங்கும் கற்பனை விலங்குமாக மரங்களுக்கிடையே நிற்கின்றன. மங்கிப்போயிருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுத்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆர் முதலில் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார் என்று பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அந்த வயதுக்காரர்களுக்குப் பிடித்தமான மற்ற இடம் மலகூடம். பலகையில் துளை, துளைக்குக் கீழே நீண்ட குழாய்போலச் சுவரிடுக்கு, அடியில் ஏரி. சிறிய தேவாலயத்திலும் அதே நூற்றாண்டு ஓவியங்கள். பேர்ன்காரர் புரட்டஸ்தாந்தர்களாக இருந்ததால் 1536க்குப் பிறகு அங்கே பழைய வழிபாடு நின்றுபோயிற்று. அவர்களின் ஆளுநர் 1733இல் வெவேய்க்குக் குடிபெயர்ந்த பின் கோட்டை களஞ்சியமும் சிறையுமாகக் கிடந்தது. வோ மாநிலம் 1803இல் உருவானபோது அதன் சொத்தாயிற்று. இன்று நாம் காணும் நிலைக்கு அதை மீட்டெடுத்த வேலை 1897இலிருந்து அல்பேர் நெஃப் என்ற தொல்லியலாளர் தலைமையில் நடந்தது.

கடைசியாக நடுக்கோபுரம், உயரம் 25 மீட்டர். படி ஒடுக்கம், ஏறுகிறவரும் இறங்குகிறவரும் அதே படிதான். உச்சிக்குப் போனால் வில்நெவ் பக்கமாக ஒற்றை மரம் நிற்கும் ஒரு குட்டித் தீவைத் தேடுங்கள். பைரனின் கைதி சன்னலால் காணும் தீவு அதுதான்.

திரும்புவது கப்பலில். கோட்டைக்குப் பக்கத்திலேயே துறை இருக்கிறது. கோடை அட்டவணையில் நல்ல சேவை, குளிர்காலத்தில் மிகக் குறைவு, ஆகவே உள்ளே நுழையுமுன்னரே நேரத்தைப் படம் எடுத்து வையுங்கள். சில நாட்களில் 1910இல் நீரில் இறக்கிய ‘லா சுவிஸ்’ போன்ற நீராவிச் சக்கரக் கப்பல் வரும். அப்படி வந்தால் நடுத்தளத்தில் இயந்திரத்தை மேலிருந்து பார்க்கலாம், பெரிய எஃகுக் கைகள் மெதுவாகச் சுழல்வதைக் கண்டால் பிள்ளைகள் அவ்விடத்தை விட்டு அசைய மாட்டார்கள். ஆனால் புறப்பட்ட முதல் பத்து நிமிடம் எல்லோரும் பின்தளத்தில் நில்லுங்கள். மரப்பாலத்துக்கு முன்னால் நின்று பார்த்த அதே ஒடுங்கிய நிலம், இப்போது தண்ணீரிலிருந்து ஒரே பார்வையில் தெரியும்: வெயில் விழுந்த மண்டபச் சன்னல்கள், அவற்றுக்குப் பின்னே காவற்கோபுரங்கள், ஊர்ந்து போகும் ரயில், மேலே பாலத்தில் லொறிகள்.

லௌசான் வரை கப்பல் என்றால் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். ஊஷியில் இறங்கினால் மெட்ரோ ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும். சிறு பிள்ளைகள் களைத்திருந்தால் வெவேயில் இறங்கி ரயில் எடுங்கள். பேர்ன் ரயிலில் இம்முறை வலதுபக்க ஜன்னல். அந்தச் சுரங்கம் வரும்வரை பிள்ளைகளை நித்திரையாக விடாதீர்கள்.